இரண்டு தட்டினால் ஊற்று

மூன்று மூட்டை பிளாஸ்டர் கல்லாகிவிட்டது.
மூட்டையின் வடிவிலேயே,
தலையணை மாதிரி நடுவில் உப்பி,
தையல் மடிப்புகூடக் கலையாமல்.
சுத்தியலால் ஒன்றைப் பிளந்து பார்த்தேன்.
உள்ளே ஒரு கைப்பிடி மட்டும்
இன்னும் மாவாக இருந்தது.

கெட்சிகனில் மழை ஒரு செய்தியே இல்லை.
என்றைக்காவது நின்றால்தான்
என்ன ஆச்சு என்று
ஆட்கள் வெளியே வந்து பார்ப்பார்கள்.

ஆர்டிஸ் பதினொரு நாளாக என்னோடு பேசவில்லை.
"உன் பிக்கப் ஒழுகுது, கிரிசாந்தோ"
என்று செப்டம்பரிலேயே சொன்னாள்.
என் வண்டியா என்றேன்.
மூடி புதிது, நானே பூட்டியது,
சந்து பொந்தெல்லாம் நானே சிலிக்கான் பிதுக்கியது என்றேன்.
அக்டோபரில் மூட்டைகள் இறுகின.
சர்ச் சுவர் பாதிப் பூச்சில் நின்றது.
ஏச்சு அவளுக்குத்தான் விழுந்தது.

இன்று ஞாயிறு. கூப்பிடாமலே வந்தாள்,
தோட்டத்துக் குழாயைத் தோளில் சுருட்டிக்கொண்டு.
பின்கதவைத் திறந்து
மோவாயால் காட்டினாள்: உள்ளே போ.
அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துப்
பென்சிலால் எழுதி நீட்டினாள்:
ஒரு தட்டு, நிறுத்து.
இரண்டு தட்டு, ஊற்று.

ஓரங்களில் குழந்தைப் பவுடர் தூவினேன்,
தண்ணீர் வந்தால் தடம் காட்டட்டும் என்று.
மல்லாந்து படுத்தேன்.
பக்கத்தில் மூன்று கல் தலையணைகள்.
கதவு சாத்தியது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

தட். தட்.

மூக்குக்கு ஒரு சாண் மேலே
தண்ணீர் ஓடத் தொடங்கியது.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொருவராக விசாரித்தேன்.
கேபின் பக்கத்து ரப்பர்: உலர்வு.
பிரேக் விளக்கின் விளிம்பு: உலர்வு.
நான்கு கிளாம்புகள், பின்கதவின் இடுக்கு,
நான் ராத்திரியெல்லாம் சந்தேகப்பட்ட அத்தனை பேரும்
குற்றமற்றவர்கள்.
பார்த்தாயா என்று கத்த வாயைத் திறந்தேன்.
பேச்சில்லையே, மூடிக்கொண்டேன்.

அப்போது புருவத்தில் ஒன்று.
பிறகு உதட்டில்.
பிறகு இடப்பக்க ஓரம் நெடுக
பால் பொங்கி வழிகிற மாதிரி,
பவுடர் குழைந்து
வெள்ளைக் கோடுகளாக இறங்கியது.

ரப்பருக்குக் கீழே ஒரு சின்ன வாய்க்கால்.
அது நிரம்பி வழிகிறது.
வாய்க்காலின் மூலையிலிருந்து
ஜூஸ் உறிஞ்சும் குழல் அளவில் ஒரு குழாய்
தரையின் துளை வழியே வெளியே போகிறது.
போக வேண்டும்.
அதன் வாயில் சிலிக்கான்,
வழித்து, அழுத்தி, மட்டம் பார்த்து அடைத்தது.
டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
அதன் மேல் என் பெருவிரல் ரேகை.

கொஞ்சம் உள்ளே வரும் என்று
செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.
போகவும் வழி வைத்திருக்கிறான்.
நான்தான், ஓட்டை என்று நினைத்து.

தட்.

தண்ணீர் நின்றது.
கத்தி முனையால் நெம்பினேன்.
ரப்பர் பல் போலக் கழன்று வந்தது,
பின்னாலேயே ஒரு பிடி ஸ்ப்ரூஸ் ஊசிகள்.
தேங்கியதெல்லாம் ஒரு மடக்கில் இறங்கிச்
சக்கரத்தடியில் கொட்டும் சத்தம்
எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா.

வெளியே பூட்ஸ் இரண்டடி நடந்தது.
குனிந்து பார்க்கிறாள் போல.

பிறகு மூடியின் மேல்
தட். தட். தட்.

மூன்றுக்கு அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.
வெளியே வா என்பதா.
சொன்னேன் கேட்டாயா என்பதா.
அந்தத் தாழ்ப்பாளைத் திறக்காமலே
வீட்டுக்குப் போகிறேன் என்பதா.

தெரிந்ததை மட்டும் பதிலாகச் சொன்னேன்.
இரண்டு தட்டு.

ஊற்றினாள்.
வெகுநேரம் ஊற்றினாள்,
தேவைக்கு மேலேயே.
குழாயில் நீர் களகளவென்று போய்க்கொண்டிருந்தது.
ஈரமான பவுடர் வாசனையில்
அடுத்த துளிக்காக
முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தேன்.